கரடி விழுவதற்கு முன்

ஆட்களைச் சிரிக்க வைப்பது பெரிய கலை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எனக்கு ஏற்கெனவே காது குத்தியாகிவிட்டது. இன்னொருத்தன் கீழே விழ வேண்டும், அவ்வளவுதான் விஷயம். விழுகிறவன் குண்டாக இருந்தால் நல்லது. விழுகிற இடம் பனிக்கட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஏழு வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் கார்ட்டூன் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. தகரக் கூரை. கோடை மழை என்று பாராமல் நாங்கள் வரைந்ததெல்லாம் பனிக்காலம். எங்களில் ஒருவர்கூடப் பனி விழுந்து பார்த்ததில்லை. கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டித் தாள் பாழாகாமல் முழங்கைக்குக் கீழே பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு, கரடி மூக்கில் தொங்கும் ஐஸை வரைவோம். பின்னணி தீட்டுகிற அக்கா மட்டும் ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வருவார். பனி எப்படி இருக்குக்கா என்று கேட்டால், "மீன் வாடை அடிக்குது" என்பார்.

நான் இடைப்படம் போடுகிறவள். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு இருபத்து நான்கு படம் வேண்டும். தலைமை ஓவியர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் போட்டுக் கொடுத்துவிடுவார். கரடி நிற்கிறது, கரடி விழுந்து கிடக்கிறது. நின்ற கரடி எப்படி வந்து விழுந்தது என்பதை உட்கார்ந்து நான் போட வேண்டும். பெயர் அவருக்கு, கைவலி எனக்கு. அவர் மேசை ஜன்னலோரம். என் மேசை கழிவறைக் கதவோரம். அந்தக் கதவு திறக்கும், மூடும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூய வெண்பனியை வரைவேன்.

அந்த வருஷம் தலைமை ஓவியர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஜன்னலோர மேசை காலி. அந்த மேசை எனக்கு வேண்டும். பாசாங்கு எதற்கு, சோறு தண்ணி இல்லாமல் இருந்தாலும் இருப்பேன், அது இல்லாமல் இருக்க முடியாது என்கிற அளவுக்கு வேண்டும்.

அப்போது கையில் இருந்தது ஒரு ஏழு நிமிஷப் படம். ஒரு தடியன் கரடி, பக்கத்து வீட்டில் ஒரு முயல். கரடி தன் கூரையில் இருக்கும் பனியை வாரிக் கொட்டினால் அது முயல் வாசலை அடைத்துக்கொள்ளும். முயல் அதை வாரி மறுபடியும் கரடி கூரைக்கே வீசும். இப்படியே ஆறு நிமிஷம் சண்டை. கடைசியில் கரடி ஏணி போட்டு மேலே ஏறும். ஏணிக்கால் பனிக்கட்டியில் வழுக்கும்.

இந்த மாதிரிப் படங்களில் விழுவதற்கென்று ஒரு சட்டம் உண்டு. முதலில் கால் போய்விடும். உடம்புக்கு விஷயம் தெரியாது, அந்தரத்தில் அப்படியே நிற்கும். பிறகு முகத்துக்குத் தெரியும். முகம் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கும். அதற்கப்புறம்தான் விழும். விழுவது வெறும் சத்தம்தான். சிரிப்பு இருப்பது அந்தப் பார்வையில். பார்வை சரியாக வராவிட்டால் நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒரு குழந்தையும் சிரிக்காது.

எங்கள் டைரக்டருக்கு முதுகுக்குப் பின்னால் 'மறுபடி' என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். அவர் ஒருநாள் தேநீர் டம்ளரும் கையுமாக நடுக்கூடத்தில் வந்து நின்றார்.

"ஏணிக் காட்சியில அந்தப் பார்வையை யார் பிடிக்கிறாங்களோ அவங்க நாளையிலிருந்து ஜன்னலோரம் உட்காரலாம்" என்றார். "ஆனா சும்மா மனசுக்குள்ள யோசிச்சு வரைஞ்சா கரடி வராது, மூட்டைதான் வரும். நிஜமா விழுற ஆளைப் பார்த்து வரையணும். விழத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?"

"எங்க அண்ணன் இருக்கான் சார்" என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானேதான் சொன்னேன்.

என் அண்ணனுக்குத் தொபுக்கடீர் என்று பெயர். வைத்தது அப்பா அம்மா இல்லை, ஜனங்கள். இருபது வருஷம் ஒரு நாடகக் கம்பெனியில் காமெடியனாக இருந்தான். நாடகம் என்ன கதையாக இருந்தாலும் மூன்று தடவை விழுவான். கதாநாயகன் வசனம் பேசும்போது கொட்டாவி விடுகிற கூட்டம், இவன் ஒரு நாற்காலிப் பக்கம் நடந்தாலே சிரிக்கத் தொடங்கிவிடும். கம்பெனி மூடிய பிறகு வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"விழுறதுக்கு ஆள் கேட்கிறாங்களாம், போறீங்களா?" என்று அண்ணி கேட்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அது இப்போதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

முதல் நாள் வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் தரையைத் தடவிப் பார்த்தான். வழவழ ஓடு பதித்த தரை. பனிக்கட்டிக்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம்.

"சோப்பு பத்தாது குண்டூசி. ரெண்டு கரண்டி எண்ணெய் விடு" என்றான். நான் ஒல்லி என்பதால் சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் குண்டூசிதான்.

நான்கு பேர் தூக்க வேண்டிய ஒரு பழைய மெத்தையைப் போட்டோம். நாங்கள் சுற்றிலும் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அவன் விழுந்தான். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு விழுகையும் ஒவ்வொரு தினுசு. பின்னால் விழுவான், பக்கவாட்டில் விழுவான், விழப்போய்ச் சமாளித்துவிட்டுப் பெருமையாகச் சிரித்துவிட்டு அப்புறம் விழுவான். விழுந்தால் நாக்கைத் தள்ளிக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடப்பான். யாராவது பயந்து பக்கத்தில் போனால் சடாரென்று கணுக்காலைப் பிடிப்பான். வண்ணம் தீட்டுகிற பெண்கள் அலறியடித்து ஓடுவார்கள், பத்து நிமிஷம் கழித்து அவர்களே திரும்பி வந்து நிற்பார்கள்.

"எப்படிண்ணா அடியே படாம விழுறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தாத்தான் அடிபடும். உடம்பை விட்டுடணும். பயத்தை மூஞ்சியில மட்டும் வச்சுக்கணும்."

அந்த மூஞ்சிதான் வரவில்லை. ஏணியின் மேல்நுனியை உத்தரத்துக் கயிற்றில் கட்டியிருப்போம். அவன் தலையை ஆட்டியதும் கயிற்றை விடுவோம். ஏணி வழுக்கும், அவன் எங்களைப் பார்ப்பான், மெத்தையில் விழுவான். பார்க்கும்போது கண்ணை உருட்டுவான், வாயைப் பிளப்பான். கூடமே சிரிக்கும். மறுபடி மட்டும் சிரிக்க மாட்டார்.

"நடிக்கிறார். விழப்போறோம்னு இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கரடிக்கு அப்பத்தான் தெரியணும். மறுபடி."

ஒன்பது நாள் இப்படியே போனது. ஒன்பது நாளும் என் அட்டையில் மூட்டைதான் வந்தது.

பத்தாம் நாள் காலையில் மெத்தை நாற்றம் தாங்கவில்லை. சோப்புத் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போயிருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து அதை இழுத்துப் போய்ப் பால்கனியில் சாய்த்தோம். காற்றில் தெருவில் விழுந்துவிடக் கூடாது என்று ஏணிக் கயிற்றை அவிழ்த்து மெத்தையைக் கம்பியோடு கட்டினோம். முடிச்சுப் போட்டது நான். பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது. எல்லோரும் கூடத்தின் அந்தக் கோடியில் கூடிவிட்டார்கள். மறுபடி தன் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஏணிக்கு எதிரே என் முக்காலியில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உத்தரத்தில் தெர்மகோலில் செய்த ஐஸ் ஒன்று ஒட்டியிருந்தோம், கரடி பிடித்துத் தொங்குவதற்கு. அது ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. அண்ணன் சும்மா இருக்க மாட்டான். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். தரையில் சோப்பு காயவில்லை. ஏறாதே அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளின் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஏணிக்கால் ஒரு சாண் வழுக்கியது. ஒரு ஓட்டின் விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, அதில் முட்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் மேலே அப்படியே நின்றான். அவன் உடம்பு அசையவில்லை. முகம் மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. கண்ணை உருட்டவில்லை. வாய் கொஞ்சம்போலத் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இடது கை என் பக்கம் நீண்டது, ஐந்து விரலும் விரிந்து. பசை டப்பா அதற்குள் கீழே விழுந்து உருண்டுவிட்டது.

வந்துவிட்டது என்று நினைத்தேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கை தானாகத் தாளில் ஓடியது. புருவம், கண், விரல் ஐந்து.

ஏணி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. காலை நீட்டி அண்டக் கொடுத்திருந்தால்கூடப் போதும். மெத்தை இல்லை என்பது எனக்குத் தெரியும், முடிச்சுப் போட்டவளே நான்தான். அதெல்லாம் தெரியும், அந்த நேரத்தில் நினைவில் இல்லை என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் ஏழு வருஷம் படம் எண்ணிய புத்தி எண்ணாமல் இருக்குமா? அது எண்ணிக்கொண்டே இருந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது இரண்டு விநாடி. நாற்பத்தெட்டுப் படம். நாற்பத்தெட்டுப் படத்துக்குள் ஒரு கரடி மலையிலிருந்து இறங்கித் திரும்பி ஏறிவிடும்.

பிறகு ஓட்டின் விளிம்பு உடைந்தது, ஏணி போனது.

அந்தக் கோடியில் எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அவன் அசையாமல் கிடந்தான், இன்னும் சிரித்தார்கள். அறைக்குள்ளிருந்து மறுபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு தலையை நீட்டாமலே, "மறுபடி" என்றார். வண்ணம் தீட்டுகிற பெண் ஒருத்தி தன் பாவாடையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கிட்டப் போனாள். அவன் அவள் காலைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, இனிமேல் கால் வராது என்றார்கள். அண்ணி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. கட்டில் விரிப்பைப் பார்த்து, "இது நாங்க வெளுத்ததுதான்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவனுக்கு நன்றாக நினைவு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"குண்டூசி, நீ எதிர்லதானே இருந்தே? உன்னைப் பார்த்தேனே. கையைக்கூட நீட்டினேன்."

என் நாக்கு தானாகவே பேசியது.

"பென்சில் சீவிக்கிட்டிருந்தேன் அண்ணா. தலையே நிமிரலை."

அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டான். "அதானே பார்த்தேன். பார்த்திருந்தா விட்டிருப்பியா நீ?"

அதற்குப் பிறகு யார் வந்து விசாரித்தாலும் அவனே முந்திக்கொள்வான். அண்ணி சில நாள் பொறுக்க மாட்டாமல், "எதிர்லயே உட்கார்ந்திருந்தாளே உங்க தங்கச்சி, கண்ணு எங்க போச்சு?" என்பாள். "அவ என்ன செய்வா பாவம், பென்சில் சீவிக்கிட்டிருந்தா" என்பான். சக்கர நாற்காலி வாங்கி வீட்டுக்கு வந்த பிறகும் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான், நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவேன்.

அந்தத் தாளை நான் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. ஒரு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது வெளியே எடுத்து, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அண்ணன் முகத்தைக் கரடி முகமாக்கினேன். பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொய். நல்லா வருது என்றுதான் கை சொன்னது. நான்கே நாளில் நாற்பத்தெட்டும் போட்டு முடித்தேன். பென்சில் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கரடி திரும்பிப் பார்த்தது, கையை நீட்டியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி முதல் தடவையாக மறுபடி என்று சொல்லவில்லை.

"எப்படிப் பிடிச்சே?" என்றார்.

"தோணுச்சு சார்."

மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

புத்தி வந்தது படம் முடியும் தறுவாயில்தான். வெளியீட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஒரு காலைக் காட்சி என்று ஏற்பாடு. அண்ணன் அன்றையிலிருந்து ஆரம்பித்துவிட்டான். "நான் விழுந்ததெல்லாம் நான் பார்க்கணும். நாடகத்துல நம்ம விழுறதை நாமளே பார்க்க முடியாது குண்டூசி. ஒரு தடவையாவது பார்க்கணும்." சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி அண்ணியை நாலு நாள் முன்னாலேயே பிடுங்கி எடுத்தான்.

அவன் பார்த்தால் முடிந்தது. அந்த முகம் யாருக்கும் தோன்றி வருகிற முகம் இல்லை. அந்த விரிந்த ஐந்து விரலும் அவனுக்குத் தெரியும், எதிரே இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதும் தெரியும். தலை நிமிராதவள் அதை எப்படி வரைந்தாள்? என் பொய்யை நானே நாற்பத்தெட்டுத் தாளில் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மறுபடியிடம் போனேன். "சார், ஏணியில அந்தப் பார்வையை எடுத்துடலாம். நேரா விழுந்துடட்டும்."

"சாப்பாட்டைப் போட்டுட்டு உப்பை எடுத்துடலாம்ங்கிறியே. ஏன்?"

"கொஞ்சம் நீளமா இருக்கு."

"நீளமா இருக்கிறதாலதான் சிரிக்கிறாங்க. உனக்கு உடம்பு சரியில்லையா?"

காரணத்தைச் சொன்னால் எடுத்திருப்பாரோ என்னவோ. சொல்ல எனக்குத் துப்பில்லை. அவருக்குத் தெரியாமல் அந்தத் தாள்களைத் திரும்ப வாங்கி, நீட்டிய கையை ஏணியைப் பிடித்த கையாக மாற்றினேன். கண்ணை மூடிய கண்ணாக்கினேன். ஓட்டிப் பார்த்ததும், "எவன் இதைக் கெடுத்தது?" என்று கத்தினார். பழையதைப் படம் பிடித்து ஏற்கெனவே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். படத்தில் அதுவே சேர்ந்துவிட்டது.

கடைசியாக அண்ணனைத் தடுத்துப் பார்த்தேன். "அந்த தியேட்டர்ல பதினெட்டுப் படி அண்ணா. நாற்காலி ஏறாது. வீட்லயே ஒருநாள் போட்டுக் காட்டுறேன்" என்றேன். அண்ணி பதில் சொன்னாள். "துணி மூட்டை தூக்குற ஆளுங்க நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுவாங்க. பாவம், ஒரு ஆசைப்படுறார்."

தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. படியில் தூக்கும்போது ஒருத்தன் கால் லேசாக இடறியது. அண்ணன், "டேய், விழுறது என் வேலைடா" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். நடைபாதை ஓரமாக நாற்காலியை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் நான். சுற்றிலும் முந்நூறு பிள்ளைகள். என் கை கால் சில்லிட்டிருந்தது. அவ்வளவு வருஷம் பனியை வரைந்ததில் அன்றைக்குத்தான் எனக்குக் குளிர் என்றால் என்ன என்று தெரிந்தது.

விளக்கு அணைந்தது. பெயர்கள் வந்தன. தலைமை ஓவியர் என்று போட்டு என் பெயர். அண்ணன் என் முழங்கையை இடித்தான். "பாருடி, உன் பேரு" என்று, எனக்குத் தெரியாததுபோல என்னிடமே காட்டினான்.

கரடி பனியை வாரியது, வழுக்கியது, விழுந்தது. முயல் சிரித்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர வர ஒவ்வொரு விழுகையாக அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"இது ரெண்டாம் நாள் விழுந்தது. இது எண்ணெய் ஊத்தினோமே, அன்னைக்கு. பாரு, பாரு, சமாளிச்சிட்டேன்னு ஒரு இளிப்பு, அது நான்தான். அப்படியே போட்டிருக்கியே குண்டூசி."

அண்ணியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அப்படியே படம் அறுந்துபோகக் கூடாதா, மின்சாரம் போகக் கூடாதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

ஏணி வந்தது. கரடி ஏறியது. ஏணிக்கால் பனிக்கட்டியில் ஒரு சாண் வழுக்கி நின்றது. பிள்ளைகள் அப்போதே கிளுகிளுக்கத் தொடங்கிவிட்டார்கள். கரடியின் முகம் மெல்லத் திரும்பியது. வாய் கொஞ்சம்போலத் திறந்தது. இடது கை நீண்டது, ஐந்து விரலும் விரிந்து.

என் பக்கத்தில் சிரிப்பு நின்றுபோனது.

தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மூச்சு முட்டி இருமியது. கரடி விழுந்து, பனியில் கரடி வடிவத்திலேயே ஒரு பள்ளம் உண்டாகி, அதிலிருந்து எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நடந்து போனது. படம் முடிந்து விளக்கு வந்தது.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஏணி மேல நின்னு பார்க்குதே, எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்படியே உங்க மூஞ்சிங்க. எப்படித்தான் வரைஞ்சாளோ."

அண்ணன் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"பென்சிலை நல்லாத்தான் சீவியிருக்கா" என்றான்.

அண்ணிக்கு அது புரியவில்லை. பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினாள். நான் எழுந்து நாற்காலியின் பிடியில் கை வைத்தேன். எப்படியாவது அந்த இடத்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும், வெளியே போய் அவன் காலில் விழுந்துவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குள் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டி, "மறுபடி, மறுபடி" என்று கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் மறுபடி எழுந்து பெருமையாக ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையைச் சுழற்றினார்.

"உட்காரு குண்டூசி" என்றான் அண்ணன். "பிள்ளைங்க கேட்குறாங்க இல்ல. இன்னொரு தடவை பார்ப்போம்."

உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. மறுபடியும் என் பெயர் வந்தது. இந்தத் தடவை அவன் இடிக்கவில்லை, எந்த விழுகைக்கும் நாள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிட்டதால், விழுவதற்கு முன்பே சிரித்தார்கள். ஏணி வந்தது. ஏணிக்கால் வழுக்கி நின்றது. அப்போது அவன் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. திரையைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பிவிட்டான் என்று தெரிந்தது. திரையில் கரடி பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மடியில் இருந்த என் கைகளைப் பார்த்தபடி எண்ணினேன். நாற்பத்தெட்டு முடிகிறவரைக்கும் தலையே நிமிரவில்லை.